ஆயாவிடம் கேளுங்கள்: பிள்ளையின் கண்ணைப் பதிந்து வைக்கலாமா?

போன இதழில், காணாமல் போன பிள்ளைகளைக் கண்ணை வைத்து அடையாளம் காணும் கேமரா ஒன்று இருக்கிறது என்று பேச்சுவாக்கில் நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் 32 வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க இதுதான். முழங்கால் வலிக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. இங்கே மாலில் ஒரு கம்பெனிக்காரர்கள் மேசை போட்டு, பிள்ளைகளின் கண்ணைக் கேமராவில் பதிந்து ஒரு அட்டை தருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு 250 ராண்ட். பிள்ளை தொலைந்துபோனால் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்கள். பதியலாமா ஆயா?
— ஒரு தாய், டோங்காட்

பணத்தைப் பையிலேயே வை மகளே. முதலில் அந்தக் கேமரா என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதே, அதைப் பாப்பா என்போம். உண்மையில் அது ஒரு துளை. அதைச் சுற்றி இருக்கிற நிற வளையம்தான் இங்கே விஷயம். ஆதார் எடுக்கிறவர்கள் இதைத்தான் ‘கருவிழி’ என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கருவியில் பெரிதாக்கிப் பார்த்தால் அது வழவழப்பான வளையம் அல்ல. நார் நாராக, குழி குழியாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். வேட்டியைக் கசக்கி உதறியதுபோல என்று வைத்துக்கொள். தாயின் வயிற்றில் எட்டாம் மாதத்துக்குள் இந்தக் கோலம் பெரும்பாலும் போட்டு முடிந்துவிடும். அப்புறம் பிறந்து ஓரிரு வருடம் நிறம் ஏறும், அவ்வளவுதான். ஒரே ஆளின் இடது கண்ணும் வலது கண்ணும்கூட ஒன்றுபோல் இருக்காது.

இதை அடையாளமாக வைக்கலாம் என்று 1987இல் காப்புரிமை வாங்கியவர்கள் ஃப்ளாம், சாஃபிர் என்ற இரண்டு அமெரிக்கக் கண் டாக்டர்கள். அவர்களிடம் யோசனை இருந்தது, கணக்கு இல்லை. கணக்கைப் போட்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். அவருக்கு 1994இல் காப்புரிமை கிடைத்தது. அவருடைய முறையில் கண்ணின் கோலம் 2,048 ஒன்று, பூஜ்யங்களாக மாறுகிறது. இரண்டு வேறு கண்களை ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி இடங்களில் வித்தியாசம் வரும், காசைச் சுண்டிப் போட்டதுபோல. ஒரே கண்ணை இரண்டு முறை எடுத்தால் வித்தியாசம் அதைவிட வெகுவாகக் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் ‘இது அதே கண்’ என்று கருவி சொல்லும். ஆகவே கருவியில் மோசடி ஒன்றும் இல்லை.

மேசைக்காரர் சொன்ன ‘கண்டுபிடித்துவிடலாம்’ என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். பிள்ளையின் கண் எங்கிருந்தும் தந்தி அடிக்காது. பிள்ளை எங்கே என்று அந்த அட்டைக்குத் தெரியாது. யாரோ ஒருவர் பிள்ளையைப் பார்த்து, கையைப் பிடித்து அழைத்து வந்து, ஒரு கேமராவின் முன்னால் நிறுத்த வேண்டும். அந்தக் கேமரா, நீ பதிந்த அதே பட்டியலைப் பார்க்கிற கேமராவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ‘இது யார் வீட்டுப் பிள்ளை’ என்பதற்குப் பதில் வரும். நாளைக்கு உன் மகள் டர்பன் கடற்கரையில் அழுதுகொண்டு நின்றால், அவளைத் தூக்குகிற போலீஸ்காரரிடம் இந்தக் கம்பெனியின் கேமரா இருக்குமா? இதை மட்டும் அந்த மேசையில் போய்க் கேள். பதில் சொல்லாமல் அட்டையின் நிறத்தைப் பற்றிப் பேசினால் வந்துவிடு.

இந்த ஏற்பாட்டை 2000களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் என்ற ஊர்க் கம்பெனி ஒன்று கருவியைச் செய்தது. ஆனால் அதை வாங்கி வைத்தவர்கள் ஊர் ஊராக இருக்கிற ஷெரிஃப், அதாவது வட்டாரப் போலீஸ் தலைவர், அலுவலகக்காரர்கள். பெற்றோர் விரும்பினால் பிள்ளையின் கண்ணை ஷெரிஃப் பதிவார், கண்டெடுத்த பிள்ளையைக் கேமரா முன் நிறுத்துபவரும் ஷெரிஃப்தான். இரண்டு முனையும் ஒரே கையில். மாலில் போட்ட மேசைக்கு ஒரு முனைதான் இருக்கிறது.

‘யார்’ என்ற கேள்வி சின்னக் கேள்வி என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலேயே நடந்தது. 1963, ஜனவரி 1. அப்போது நாங்கள் மேகசின் பாரக்ஸ் என்ற கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு டர்பன் கார்ப்பரேஷனில் வேலை. புது வருடம் என்றால் பாரக்ஸே காலி, எல்லாரும் கடற்கரைக்கு நடந்தே போவோம், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்துக்குத்தான். எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. பிரியாணிப் பானையைத் திறக்கிற நேரத்தில் பார்த்தால் தம்பியைக் காணோம்.

அவன் கிடைத்துவிட்டான், அரை மணியிலேயே கிடைத்துவிட்டான். எங்களுக்குத்தான் தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவனைக் கடற்கரைப் போலீஸ் குடிசைக்குள் உட்கார வைத்துப் பெயர் கேட்டிருக்கிறார். ‘தம்பி’ என்றிருக்கிறான். வீட்டில் எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம், அவனுக்கு வேறு பெயர் தெரியாது. அப்பா பெயர்? ‘அப்பா.’ வீடு எங்கே? ‘ஆயா பக்கத்துல.’ போலீஸ்காரர் காதில் விழுந்தபடி ‘டாமி’ என்று எழுதிக்கொண்டார். ஒலிபெருக்கியில் ‘டாமி என்ற சிறுவன் இங்கே இருக்கிறான்’ என்று இரண்டு முறை சொன்னார்கள். நானும் அம்மாவும் அந்த ஒலிபெருக்கியின் அடியில் நின்றுதான் அழுதுகொண்டிருந்தோம். யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை போலிருக்கிறது என்று அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்கு, கடலை விற்கிற ஒரு பாட்டி அந்தப் பக்கம் போனவள், ‘இது நம்ம பாரக்ஸ் பையனாச்சே’ என்று தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எங்களுக்குக் கருவி அவளுடைய கண்தான்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். 250 ராண்டைச் செலவழிக்காமல் மகளுக்கு அவளுடைய முழுப் பெயர், உன் பெயர், உன் செல் நம்பர் இந்த மூன்றையும் பாட்டாகச் சொல்லிக் கொடு. ஆறு வயதுப் பிள்ளை பத்து இலக்கத்தை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு வயதுக்காரனுக்கு? கடற்கரைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகும்போது கையில் நம்பர். இங்கே விடுமுறை நாட்களில் கடற்கரையில் போலீஸாரே பிள்ளைகளின் மணிக்கட்டில் பட்டை கட்டுகிறார்கள், வெட்கப்படாமல் வரிசையில் நின்று கட்டிக்கொள். நான் என் பேரனுக்குத் தகரத் தாயத்துக்குள் நம்பர் எழுதிய காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கட்டியிருக்கிறேன். சம்பந்தியம்மாள் அதற்குத் தினமும் விபூதி வைக்கிறாள். அதுவும் நல்லதுதான்.

இரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணைப் பதிவது எவ்வளவு பாடு என்பதை மேசைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்: சாவிக்கொத்து, டாஃபி, தாயின் மடி, பின்னால் நின்று தலையைப் பிடிக்க ஒரு ஆள். இவ்வளவும் இருந்தாலும் ஒரு வினாடிதான் நேராகப் பார்க்கும், அந்த வினாடியில் இமை மூடும்.

நம் பிள்ளைகளுக்குக் கண் கறுப்பு. நீலக் கண்ணில்தான் கோடு தெரியும், நமக்குத் தெரியாது என்று என் மருமகன் சொல்கிறான். உண்மையா? இன்னொன்று, என் பேத்திகள் இரட்டையர். கருவி குழம்பாதா?
— லெனேசியா வாசகர்

உங்கள் மருமகன் பாதி சரி. சாதாரண வெளிச்சத்தில் நம் கரும்பழுப்புக் கண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறமி வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால்தான் இந்தக் கேமரா சாதாரண வெளிச்சத்தில் எடுப்பதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் போட்டு எடுக்கிறது. அந்த ஒளிக்கு முன்னால் நிறமி அவ்வளவாக மறைக்காது. உள்ளே இருக்கிற நார்க் கோலம் தெளிவாக வரும். கறுப்புக் கண்காரர்கள் கோடிக்கணக்கில் இருக்கிற இந்தியாவில் இதே முறைதானே ஓடுகிறது.

ஒரு கருவில் பிறந்த இரட்டையரானாலும் கண் கோலம் வேறு வேறுதான். பெற்ற தாய் மாற்றிக் கூப்பிட்டாலும் கருவி மாற்றிச் சொல்லாது. பேத்திகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், ஏமாற்றுகிற குஷி போய்விடும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. இது கண்ணின் பின்புறம் ரத்தக் குழாய்களைப் பார்க்கிற விழித்திரைப் பரிசோதனை அல்ல. அதற்குக் கண்ணைக் கருவியோடு ஒட்டி வைக்க வேண்டும். இது தள்ளி நின்று எடுக்கிற படம்தான். வலி கிடையாது. ஆனால் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட்ட அன்று மட்டும் போகாதீர்கள். துளை பெரிதானால் வளையம் நூலாக ஒடுங்கிவிடும், கோலம் கிடைக்காது.

பழைய போட்டோவில் இருக்கிற கண்ணை வைத்து அடையாளம் காண முடியுமா?
— நியூகாசல் வாசகி

ஒரு முறை நடந்திருக்கிறது, உலகமே பார்த்தது. 1984இல் பாகிஸ்தானில் ஒரு அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த, பச்சைக் கண்ணுடைய ஆப்கன் சிறுமியின் படம் நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் வந்தது. அவள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. 2002இல் தேடிப் போய் ஷர்பத் குலா என்ற பெண்ணைக் கண்டார்கள். இவள்தானா அவள்? இரண்டு படங்களிலும் உள்ள கண்களை டாக்மனிடம் கொடுத்தார்கள். அவர் தன் கணக்கைப் போட்டு, அதே கண்கள்தான் என்று உறுதி சொன்னார். 18 வருடத்தில் முகம் அடியோடு மாறியிருந்தது, வெயிலும் வறுமையும் அப்படி. கண்ணின் கோலம் மாறவில்லை.

ஆனால் அது பெரிய கேமராவில், மிக அருகில், வெளிர்க் கண்ணை எடுத்த படம். கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிற பிள்ளையின் படத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

நான் சென்னையிலிருந்து மிட்ராண்டுக்கு வேலைக்கு வந்தவன். இந்தியாவில் ஆதாரால் தொலைந்த பிள்ளைகள் கிடைக்கிறார்களே. இங்கே ஏன் அப்படி இல்லை?
— ஒரு கம்ப்யூட்டர்காரர்

தம்பி, அங்கே அது நடந்த விதத்தைக் கவனித்தீர்களா? பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்ததல்ல. காப்பகத்திலோ பள்ளியிலோ வளர்கிற பிள்ளைக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போவார்கள். ‘இந்தக் கைரேகையும் கண்ணும் ஏற்கெனவே பதிவில் இருக்கிறது’ என்று கம்ப்யூட்டர் தள்ளிவிடும். எங்கே இருக்கிறது என்று தோண்டினால், பல வருடம் முன்னால் வேறு ஊரில் வேறு பெயரில் தாய் தகப்பனோடு போய் எடுத்த ஆதார். நாக்பூரில் ஒரு பையன் கதை அப்படித்தான். சரியாகப் பேச வராத பையன், சின்ன வயதில் தொலைந்து, இன்னொரு குடும்பத்தில் நல்லபடியாக வளர்ந்து, வாலிபனான பிறகு ஜபல்பூரில் பெற்றவர்கள் இருப்பது தெரிந்தது. தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்கு அடியில் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு இருந்தது.

அங்கேயும் ஐந்து வயதுக்குக் கீழே கண்ணையோ விரலையோ பதிவதில்லை. நீல அட்டை கொடுத்துப் பெற்றோரின் எண்ணோடு சேர்த்துவிடுவார்கள். ஐந்து வயதில் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கண்ணையும் சேர்த்ததற்கு ஒரு காரணம், உழைக்கிறவன் கையில் ரேகை தேய்ந்துவிடும் என்பது. கரும்பு வெட்டிய என் தாத்தாவின் விரலை நினைத்துக்கொண்டேன். அதில் ரேகை என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

இங்கே பிறப்பை 30 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் அது காகிதம்தான். ஐடிக்கு விரலை வைக்கிறது 16 வயதில். காணாமல் போகிற பிள்ளையின் வயது எல்லாம் அந்த இடைவெளிக்குள். 2018இலிருந்து உள்துறை பழைய கைரேகைப் பதிவை மாற்றிப் புதிய பயோமெட்ரிக் பதிவு ஒன்றைக் கட்டுகிறது. கண்ணையும் பின்னால் சேர்க்க இடம் விட்டுத்தான் அறிவித்தார்கள். பிரிட்டோரியாவில் சிஎஸ்ஐஆர் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பச்சைக் குழந்தைகளின் விரல், கண், காது மூன்றையும் எப்படிப் பதிவது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். காது நல்ல யோசனை. தூங்கும்போதே எடுக்கலாம்.

கைரேகை கொடுக்க மாட்டோம் என்று ஜெயிலுக்குப் போன சமூகம் நாம். இப்போது பிள்ளைகளின் கண்ணைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பத்திரிகையில் கேள்வி பதில்! உங்களுக்கு இது உறுத்தவில்லையா அம்மா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்

உறுத்துகிறது ஐயா. உறுத்தாமல் இருந்தால் இந்தப் பதிலை மூன்று முறை கிழித்துப் போட்டிருக்க மாட்டேன்.

இளையவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1906இல் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லாரும் விரல் ரேகை கொடுத்துப் பதிந்து சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் அதில் சேர்த்தார்கள். அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் நம்மவர்கள் கூடி, பதிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி முன்னால் இடையில் ஒரு சமரசத்தை நம்பித் தாங்களாகவே பதிந்து வாங்கிய சீட்டுகளைப் பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். காந்தி பெயரைத்தான் ஊர் சொல்லும். ஆனால் அடுத்தடுத்து ஜெயிலுக்குப் போனவர்களில் மொரீஷியஸில் பிறந்த நம் தம்பி நாயுடுவைப் போலத் தமிழர்கள் எத்தனை பேர்! ஐயாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கரும்புக்குக் கூலியாக வந்தார்கள் அல்லவா, அவர்களுடைய கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர் இவற்றோடு உடம்பில் உள்ள குறி என்று ஒரு பத்தி உண்டு. என் கொள்ளுத் தாத்தாவின் வரியை ஆவணக் காப்பகத்தில் நானே விரல் வைத்துப் படித்தேன். ‘இடது முழங்காலில் தழும்பு.’ தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க வசதியாக ஒரு எண், ஒரு தழும்பு. மாட்டுக்குச் சூடு போட்டதுபோல. முதலில் கோபம்தான் வந்தது.

அதே வரியில்தான் வட ஆற்காட்டில் அவருடைய ஊர்ப் பெயரும் இருந்தது. அது இல்லாவிட்டால் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. என் தழும்பு இல்லாத முழங்காலைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காப்பகத்துப் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆகவே என் நிலை இதுதான். பட்டியலை யார் வைத்திருக்கிறார், எப்போது அழிப்பார், வேறு எதற்குத் தருவார் என்று கேட்காமல் பிள்ளையின் கண்ணைக் கொடுக்கக் கூடாது. இப்போது கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. போப்பியா என்று சொல்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல் அடையாளங்கள் தனிக் கவனத்துக்குரியவை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். அழித்துவிடு என்று கேட்கவும் உரிமை உண்டு. செல்போனின் ரகசிய எண் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை எங்கே போய் மாற்றுவது? 1906இல் சம்மதம் என்ற வார்த்தையே கிடையாது. இன்றைக்கு இருக்கிறது, ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஐயா கோபப்பட வேண்டியது அங்கே.

கேப் டவுன் ஆஸ்பத்திரியில் திருடு போன குழந்தை 17 வருடம் கழித்துக் கிடைத்ததே. கண்ணைப் பதிந்திருந்தால் முன்னாலேயே கிடைத்திருக்குமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

எனக்குத் தோன்றவில்லை. 1997 ஏப்ரலில் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டபோது அந்தக் குழந்தைக்கு மூன்று நாள். மூன்று நாள் குழந்தையின் கண்ணை யார் பதிவார்? விழித்திருப்பதே கொஞ்ச நேரம். 2015இல் அவள் கிடைத்த விதத்தை நினைத்துப் பாருங்கள். பெற்றவர்களுக்கு அப்புறம் பிறந்த மகள் இவள் படித்த அதே பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒரே சாயல் என்று பிள்ளைகள் பேசினார்கள். தகப்பன் காதுக்குப் போனது, பிறகு டி.என்.ஏ. பரிசோதனை உறுதி செய்தது.

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. கண்ணுக்கு முன்பதிவு வேண்டும். தாயின் கண்ணைப் பார்த்துப் பிள்ளையின் கோலத்தைச் சொல்ல முடியாது. டி.என்.ஏ.வுக்கு முன்பதிவு வேண்டாம், பெற்றவர்கள் இருந்தால் போதும். வாயில் பஞ்சு வைத்துத் துடைத்தால் முடிந்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த நம் டி.என்.ஏ. சட்டத்திலேயே காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. நேரம் ஆகும், அது வேறு விஷயம். கண் என்றால் சில வினாடி.

பிள்ளைகளை விடுங்கள் அக்கா. என் வீட்டுக்காரருக்கு 78 வயது. ஞாபக மறதி. இரண்டு முறை செருப்பு இல்லாமல் வெளியே போய்விட்டார். அவருக்குக் கண் பதிவு உதவுமா?
— மெரிபேங்க் வாசகி

தங்கச்சி, நீ கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய அதே ஏற்பாட்டை மறதி நோய்க்காரர்களுக்கும் விரித்தார்கள். நியாயம்தானே? பிள்ளை வளர வளரப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளும். இவர் தினம் ஒன்றை மறக்கிறார். சொல்ல முடியாதவரைக் கண் சொல்லும் என்றால் பயன் அங்கேதான் அதிகம். பெரியவர் என்பதால் கேமராவை நேராகவும் பார்ப்பார். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. மாற்றுகிற லென்ஸ் இந்த வளையத்துக்குப் பின்னால் இருக்கிறது. வளையத்தில் அடிபட்டிருந்தால்தான் சிக்கல்.

ஆனால் டோங்காட் மகளுக்குச் சொன்னது உனக்கும்தான். மெரிபேங்க் தெருவில் அவரைப் பார்க்கிறவரிடம் கேமரா இருக்காது. கழுத்துச் சங்கிலியில் நம்பர் பொறித்த வில்லை போடு. சட்டைக் காலரின் உள்பக்கம் நூலால் தை. தம்பி தொலைந்து கிடைத்த பிறகு எங்கள் அம்மா அவன் சட்டை எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் பெயரும் பாரக்ஸ் கதவு எண்ணும் தைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கைதி நம்பர் என்று கேலி செய்தார்கள். தெருமுனைக் கடைக்காரரிடமும் டாக்சி ரேங்கில் நிற்கிற பையன்களிடமும் அவர் போட்டோவைக் காட்டி வை. சொல்ல வெட்கமாக இருக்கும். சொல்லிவிடு.

பிள்ளையைக் காணோம் என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் எழுதிக்கொள்ளும் என்கிறார்களே?
— பெயர் எழுதவில்லை

தப்பு. அப்படி ஒரு விதியே இந்த நாட்டில் இல்லை. யார் சொன்னாலும் கேட்காதே. உடனே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போ, அல்லது 10111க்குப் போன் செய். ஸ்டேஷனில் 55ஏ என்ற படிவம் ஒன்று தருவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையின் படத்தைப் போலீஸ் வெளியே பரப்ப முடியும். வழக்கு எண்ணையும், விசாரிக்கிற அதிகாரியின் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள். அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பின் நிறம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாவற்றையும் சொல். ஆமாம், கப்பல் பட்டியலில் எழுதிய அதே சங்கதிகள்தான்.

அப்புறம், சமீபத்தில் எடுத்த ஒரு நல்ல படம், முகம் நேராகத் தெரிகிற படம், எப்போதும் போனில் இருக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கலாம் என்று என் மருமகளிடம் பேத்தியின் படம் கேட்டேன். அறுபது படத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் பிள்ளைக்கு நாய்க் காதும் பூனை மீசையும். கடைசியில் ஒன்று கிடைத்தது, கண்ணை மூடிக்கொண்டு கேக் ஊதுகிற படம். இரண்டு பேரையும் வாசலில் வெளிச்சத்தில் நிற்க வைத்து நானே எடுத்தேன்.